இடிக்காமல் விட்ட வீடு

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார்" என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். கட்டிய வீட்டை விட்டு ஓடிப் பார், பாதி உடைந்த வீட்டுக்குத் திரும்பி வந்து பார் என்பதையும் அதனோடு சேர்த்துச் சொல்லும் அனுபவம் வடக்கு, கிழக்கில் வாழும் எங்களுக்கு உண்டு.

இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் சகோதரிகளில் பலர் கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே தறப்பாள் கட்டி வாழ்க்கையை மீண்டும் தொடங்கியவர்கள். அப்படித் திரும்பி வந்தபோது உங்களுக்குக் கிடைத்த முதல் ஆலோசனை என்னவாக இருந்திருக்கும்? "உந்தப் பழைய சுவரை இடிச்சுப் போட்டுப் புதுசாக் கட்டுங்கோ" என்பதாகத்தான் இருந்திருக்கும். உறவினர், மேசன், உதவி தர வந்த நிறுவனம் என்று எல்லோரும் அதையே சொன்னார்கள். பழையது என்றால் பழுது என்ற எண்ணம் எங்களிடம் ஆழமாக வேரூன்றிவிட்டது.

இந்த மாதம் நான் எழுதப்போவது இடிக்கப்படாத ஒரு வீட்டைப் பற்றி. யாழ்ப்பாண நகரை அண்டிய ஓர் ஒழுங்கையில் இருக்கும் பழைய நாற்சார் வீடு அது. இளம் கட்டடக்கலைஞர்கள் ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய நிறுவனம் அதைத் திருத்தித் தன் அலுவலகமாக ஆக்கிக்கொண்டது. அதற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பெண்கள் குழுவைச் சேர்ந்த நான்கு பேர் ஏழு மாதங்கள் அங்கே வேலை செய்தார்கள். நான்கு பேருமே குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்கள். அவர்களை வேலைக்குச் சேர்த்த நாள் முதல் கடைசிச் சம்பளம் கைக்கு வந்த நாள் வரை, கிழமைக்கு இரண்டு தடவையாவது நான் அங்கே போய்வந்தேன். அங்கே கண்டவை உங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

வீட்டின் கதை

நடுவில் வானம் பார்த்த முற்றம். அதன் நாலு பக்கமும் தாழ்வாரம். தாழ்வாரத்தைச் சுற்றி அறைகள். வெளியே தெருவைப் பார்த்த திண்ணை. இதுதான் நாற்சார் வீடு. இந்த வீட்டை 1930களில் கட்டியவர் மலாயாவில் புகையிரதப் பகுதியில் வேலை பார்த்தவர். பிரித்தானியர் காலத்தில் மலாயாவுக்குப் போன யாழ்ப்பாணத்தவர் அனுப்பிய பணத்தில் எங்கள் ஊர்களில் எத்தனையோ கல்வீடுகள் எழுந்தன. அதில் இதுவும் ஒன்று. சுவர்கள் ஒன்றரை அடித் தடிப்பு. முருகைக்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியவை. வளையும் தீராந்தியும் வைரம் பாய்ந்த பனை. மேலே ஓடு.

வீட்டுக்காரி எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லோரும் அவரை ரீச்சர் என்றே அழைப்பார்கள். கணவர் காலமாகிவிட்டார். வீடு தாயின் சீதனமாக வந்து பின் இவருக்குச் சேர்ந்தது. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, இவரும் வீட்டைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தார். அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது பூட்டு இருந்தது. ஆனால் மேற்குப் பக்கக் கூரையில் ஷெல் விழுந்து ஓடெல்லாம் கீழே கிடந்தது. முன்னறைச் சுவரில் சன்னங்கள் துளைத்த அடையாளம். அதன்பிறகு அவர் பின்பக்க இரண்டு அறைகளை மட்டும் திருத்திக்கொண்டு இருந்துவிட்டார்.

சகோதரர்கள் எல்லோரும் வெளிநாட்டில். விற்றுவிடும்படி ஒவ்வொரு வருடமும் தொலைபேசியில் சொல்வார்களாம். வாங்க வந்தவர்கள் எல்லோரும் காணியைத்தான் கேட்டார்கள், வீட்டை யாரும் கேட்கவில்லை. இடித்துவிட்டுக் கடைத்தொகுதி கட்டுவதே அவர்களின் எண்ணம். ரீச்சர் சம்மதிக்கவில்லை.

கட்டடக்கலைஞர்கள் வேறு ஒரு யோசனையோடு வந்தார்கள். வீட்டின் முன்பகுதியைப் பதினைந்து வருடக் குத்தகைக்குத் தாருங்கள், திருத்தும் செலவு எங்களுடையது, அதை மாத வாடகையில் சிறிது சிறிதாகக் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். பின்பக்க அறைகளும் குசினியும் கிணறும் ரீச்சருக்கே உரியவை. குத்தகை முடிந்ததும் திருத்திய வீடு முழுவதும் அவர் சொல்லும் ஆளுக்குப் போகும். நொத்தாரிசு முன்னிலையில் உறுதி எழுதுவதற்கு முன், ரீச்சர் அந்தப் பத்திரத்தை வரிக்கு வரி தானே வாசித்தார். சிவப்புப் பேனையால் ஏழு இடங்களில் திருத்தம் செய்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தார். நாற்பது வருடம் கொப்பி திருத்திய கை அது.

இந்த இடத்தில் ஒரு விடயத்தைச் சொல்லியே ஆகவேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண் தன் சொந்தக் காணியையோ வீட்டையோ விற்கவும் கைமாற்றவும் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என்று 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் வைத்தது. கணவர் எங்கே என்று தெரியாத பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய தடை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அதே சட்டத்தில், கணவரின் இருப்பிடம் தெரியாதபோதும் அவர் கைவிட்டுப் போனபோதும் மாவட்ட நீதிமன்றத்திடம் அந்தச் சம்மதத்தைப் பெற வழி இருக்கிறது. இது பல பெண்களுக்குத் தெரியாது. காணியையோ வீட்டையோ விற்கவும் குத்தகைக்குக் கொடுக்கவும் நினைப்பவர்கள், முற்பணம் வாங்குவதற்கு முன் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குப் போய் ஆலோசனை கேளுங்கள்.

ஏன் இடிக்கவில்லை?

"புதுக் கட்டடம் லேசா முடிஞ்சிருக்குமே, ஏன் இந்தப் பாடு?" என்று அந்த நிறுவனத்தின் இளம் பெண் கட்டடக்கலைஞரிடம் கேட்டேன். அவர் சொன்ன காரணங்களை என் மொழியில் தருகிறேன்.

முதலாவது, நின்றுகொண்டிருக்கும் சுவருக்குள் ஏற்கெனவே செலவான உழைப்பும் எரிபொருளும் இருக்கின்றன. இடித்தால் அவை அத்தனையும் குப்பை. பிறகு புதிய சுவருக்குப் புதிய சீமெந்து வேண்டும். சீமெந்து செய்யச் சுண்ணக்கல்லை ஏறத்தாழ 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் எரிக்கவேண்டும். மனிதர்களால் உலகில் வெளியேறும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய 8 வீதம் சீமெந்து உற்பத்தியிலிருந்து வருவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. சுண்ணாம்புக்கு 900 பாகை அளவு வெப்பம் போதும். சுவரில் பூசிய பின் அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை மெல்ல மெல்ல உறிஞ்சித்தான் இறுகுகிறது.

இரண்டாவது, வெப்பம். பங்குனி, சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் இருந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நாற்சார் வீட்டில் சூடான காற்று நடுமுற்றத்தால் மேலே போய்விடும். நிழல் விழுந்த தாழ்வாரத்தால் குளிர்ந்த காற்று உள்ளே வரும். தடித்த சுவர் பகல் வெயிலை உடனே உள்ளே விடாது. அந்த அலுவலகத்தில் எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். மின்விசிறி மட்டுமே உண்டு. கணினிகள் இருக்கும் ஒரேயொரு சிறிய அறைக்குத்தான் குளிரூட்டி.

மூன்றாவது, தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் கிணற்றில் இறைக்கிறோம். 2014, 2015 காலப்பகுதியில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததை நாங்கள் மறக்கவில்லை. அந்த வீட்டின் கூரை ஏறத்தாழ 1,500 சதுர அடி, அதாவது 140 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர். அப்படியானால் ஓர் அங்குல மழைக்கு, அதாவது 25 மில்லிமீற்றருக்கு, 3,500 லீற்றர். தெறித்தும் கசிந்தும் போவதைக் கழித்தாலும் 3,000 லீற்றருக்குக் குறையாது. பழைய பீலிகளைத் திருத்தி முதல் ஓடும் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டு, மிச்சத்தைத் தொட்டிக்குள் விட்டார்கள். தொட்டி நிறைந்து வழிவது மணலும் சல்லியும் போட்ட குழியால் நிலத்துக்குள் இறங்குகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதானே எங்கள் வருடத்துக்கான தண்ணீர்.

நான்காவது காரணத்தை ரீச்சர்தான் சொன்னார். "உந்த முருகைக்கல்லை இனி எங்க போய் எடுக்கிறது பிள்ளை? உந்தப் பனையளை இனி எந்த வளவில தறிக்கிறது?" கடலோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வது சட்டத்தால் தடுக்கப்பட்டது. அது நல்லதற்கே. பனைகளோ பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் ஷெல்லுக்கும் பலியானவை போக மிஞ்சியவைதான். ஆகவே ஒரு பழைய வீட்டை இடிப்பது, திரும்பக் கிடைக்காத பொருளை எறிவதாகும்.

முன்னரே செய்து காட்டியவர்கள்

அந்த அலுவலகத்தில் இருந்த புத்தகங்களைப் புரட்டியபோது, எங்கள் நாட்டிலேயே இதற்கு முன்னோடிகள் இருந்ததை அறிந்துகொண்டேன். ஜெஃப்ரி பாவா என்ற பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டையில் உள்ள பாராளுமன்றத்தை வடிவமைத்தவர். அவர் கொழும்பில் தனக்கென ஒரு பெரிய மாளிகையைக் கட்டவில்லை. 33 ஆம் ஒழுங்கையில் வரிசையாக இருந்த நான்கு சிறிய வீடுகளில் ஒன்றை 1958 இல் வாடகைக்கு எடுத்தார். பத்து வருடத்தில் நான்கையும் ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒரே வீடாக ஆக்கினார். இடிபட்ட பழைய வீடுகளின் தூண்களும் கதவுகளும் அதற்குள் இடம் பிடித்தன.

பாவாவைவிட என் மனதில் நின்றவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் மினெற் டி சில்வா. 1918 இல் கண்டியில் பிறந்தவர். 1948 இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் அவர். கண்டியில் பெற்றோரின் வீட்டையே தன் வேலைத்தளமாக வைத்திருந்தார். பாய் பின்னும் கைவினைஞரின் பின்னலைக் கதவுப் பலகையில் பொருத்தினார். மண் ஓடு செய்பவரையும் அரக்கு வேலை செய்பவரையும் நவீன வீட்டுக்குள் கொண்டுவந்தார். கண்டி வட்டப்புளுவ வீடமைப்புத் திட்டத்தை 1950களில் வடிவமைத்தபோது, அங்கே குடியிருக்கப்போகும் குடும்பங்களிடம் கேள்விக்கொத்துக் கொடுத்து, அவர்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று முதலில் கேட்டார். சமூகவியல் படித்தவள் என்ற முறையில் எனக்கு இது பெரிய விடயமாகத் தோன்றுகிறது. போருக்குப் பின் எங்களுக்கு வீட்டுத்திட்டம் கொண்டுவந்த எத்தனை பேர் "உங்களுக்கு அடுப்பு எந்தப் பக்கம் வேண்டும்?" என்று எங்களிடம் கேட்டார்கள்? 1998 இல் மினெற் காலமானார். அவருடைய அந்த வேலைத்தளம் கவனிப்பாரற்றுப் பாழடைந்துபோனது.

மற்றவர் பற்றிக் கலைஞர் ஈனா டி சில்வா. அவருக்காகப் பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு முற்றத்து வீட்டைக் கட்டினார். ஈனா பின்னர் மாத்தளை அலுவிகாரையில் இருந்த தன் பூர்வீக வீட்டுக்குத் திரும்பி, கிராமத்துப் பெண்களைச் சேர்த்துப் பற்றிக், தையல் வேலைகளுக்கு ஒரு நிலையத்தை உருவாக்கினார். கொழும்பு வீட்டுக் காணி 2009 இல் விற்கப்பட்டபோது, அந்த வீட்டைக் கல் கல்லாகக் கழற்றி, இலக்கமிட்டு, பெந்தோட்டைக்கு அருகிலுள்ள லுணுகங்கையில் திரும்பக் கட்டினார்கள். ஒரு வீடு இடம்பெயர்ந்து மீள்குடியேறிய கதை அது என்று எங்கள் பெண்களிடம் சொன்னேன். "எங்களை மாதிரி எண்டு சொல்லுங்கோ மிஸ். ஆனா எங்களுக்கு ஒருத்தரும் நம்பர் போட்டு வைக்கேல்லை" என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

சுண்ணாம்பும் சம்பளமும்

சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மார் இப்போது மிகக் குறைவு. எழுபத்தைந்து வயதான ஒருவரை வடமராட்சியில் தேடிப் பிடித்தார்கள். எல்லோரும் அவரை அப்பு என்றார்கள். அவரால் சாரத்தில் ஏற முடியாது. கதிரையில் இருந்து சொல்லிக் கொடுப்பார், எங்கள் நான்கு பெண்களும் செய்வார்கள்.

நீற்றுப்பெட்டியில் சுண்ணாம்பை நீற்றுவது, அரித்தெடுப்பது, நாள் கணக்காக ஊறவிடுவது, கடுக்காயும் பனங்கட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு மணலோடு குழைப்பது, மூன்று படையாகப் பூசுவது எல்லாம் பொறுமை கேட்கும் வேலைகள். அவசரப்பட்டால் வெடிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொட்டால் தோலையும் கண்ணையும் சுட்டுவிடும். "தோசைமாப் பதம் இல்லைப் பிள்ளையள், களிப் பதம்" என்று அப்பு சொன்னால் அவர்களுக்கு உடனே விளங்கியது. பொறியியல் படித்த பொடியனுக்கு அது விளங்க இரண்டு நாள் எடுத்தது.

இரண்டாவது மாதத்தில் பிரச்சினை வந்தது. வேலையை எடுத்த ஒப்பந்தகாரர் இவர்கள் நால்வருக்கும் கையாள் சம்பளத்தையே போட்டிருந்தார். பூச்சு வேலை செய்யும் ஆணுக்குக் கொடுப்பதில் ஏறக்குறைய அரைவாசி அது. "பொம்பிளையளுக்கு எந்த இடத்தில மேசன் சம்பளம் குடுக்கிறாங்கள்?" என்று கேட்டார். எங்கள் நால்வரில் மூத்தவர் முல்லைத்தீவைச் சேர்ந்தவர். 2009 இல் கணவரையும் மூத்த மகனையும் இழந்தவர். அதிகம் பேசமாட்டார். அவர் சாந்தகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணை, இந்தச் சுவரில நான் பூசினது எது, அவர் பூசினது எது எண்டு தொட்டுப் பாத்துச் சொல்லுங்கோ" என்றார்.

ஒப்பந்தகாரர் தொட்டுப் பார்க்கவில்லை. ஆனால் கட்டடக்கலைஞர்கள் பார்த்தார்கள். நாங்கள் ஐந்து பேரும், ரீச்சரும், நிறுவனத்தினரும் முற்றத்தில் பாய் போட்டு இருந்து பேசினோம். ஒருவர் செய்த வேலையைச் சதுர அடியால் அளந்து, ஆண் பெண் என்று பாராமல் ஒரே வீதத்தில் கொடுப்பது என்று முடிவாகியது. இரண்டு மாத நிலுவையும் அந்தக் கணக்கிலேயே கொடுக்கப்பட்டது. வேலை நேரம் காலை எட்டரைக்குத் தொடங்கும். ஏனென்றால் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பவேண்டும். பூட்டுப் போட்ட மலசலகூடம் பெண்களுக்குத் தனியாக வேண்டும். சம்பளம் சனிக்கிழமை தோறும் கையில் வேண்டும். நுண்கடன் தவணைக்காரர் திங்கட்கிழமை வாசலில் நிற்பார் என்பது அவர்களுக்கல்லவா தெரியும்! இவை எல்லாம் எழுத்தில் வந்தன.

சூழலுக்கு நேயமான கட்டடம் என்று இப்போது அழகாகச் சொல்கிறார்கள். சுண்ணாம்பும் மழைநீரும் சூரிய மின்சாரமும் மட்டும் ஒரு கட்டடத்தை நேயமானதாக ஆக்கிவிடாது. அதைக் கட்டிய பெண்ணுக்கு நேர்மையான கூலி போகவேண்டும். அதுவும் அந்தக் கணக்கில் சேரவேண்டும் என்பது என் கருத்து.

சன்னம் பட்ட சுவர்

வேலை முடியும் தறுவாயில் இன்னொரு விவாதம் எழுந்தது. முன்னறைச் சுவரில் சன்னங்கள் துளைத்த அடையாளங்களை அப்படியே விடவேண்டும் என்று கட்டடக்கலைஞர்கள் விரும்பினார்கள். இது வரலாறு, இதை மறைக்கக்கூடாது, வருபவர்கள் பார்க்கவேண்டும் என்றார்கள். அவர்களின் நோக்கத்தில் தவறில்லை. உலகில் பல இடங்களில் அப்படி விட்டு வைத்திருக்கிறார்கள்.

ரீச்சர் நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "பிள்ளையள், நீங்கள் ஐஞ்சு மணிக்கு வீட்டை போயிடுவியள். ராவிலை இந்தச் சுவரோடை இருக்கிறது நான். இருபத்தைஞ்சு வருஷத்துக்கு மேலை பாத்திட்டன். எனக்குக் காணும்."

எங்கள் பெண்களின் கருத்தும் அதுதான். அவர்களில் இளையவர், தன் வீட்டுச் சுவரில் இருந்த இதே மாதிரியான அடையாளங்களைத் தன் மகள் விரலால் எண்ணி எண்ணித்தான் இலக்கம் பழகினாள் என்றார். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நினைவுச் சின்னம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வருடக்கணக்காகப் படங்களோடு வீதியோரம் இருப்பது நினைவு அழியக்கூடாது என்பதற்காகத்தான். ஆனால் எதை வெளியே வைப்பது, எதை மூடுவது என்று தீர்மானிக்கும் உரிமை அந்தக் காயத்தோடு வாழ்ந்தவருக்கே முதலில் உண்டு. பார்க்க வருபவருக்கு அது ஒரு காட்சி. அவருக்கோ அது படுக்கையறைச் சுவர்.

அந்தச் சுவர் மூடப்பட்டது. பூசியவர் முல்லைத்தீவு அக்கா. ரீச்சர் கேட்டுக்கொண்டபடி, தாயார் காலத்துக் கதவு நிலையும் அதன் மேலிருந்த மரச்செதுக்கும் மட்டும் பூச்சோ வர்ணமோ இல்லாமல் எண்ணெய் பூசி வைக்கப்பட்டன. அந்த வீட்டில் வெளியே தெரியவேண்டிய நினைவு அதுவென்று அவர் தீர்மானித்தார்.

எங்கள் வீடுகள்

1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்துக்குச் சீமெந்து வரவில்லை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் 1990 இல் நின்றுபோனது. அந்தக் காலத்தில் மண்ணும் சுண்ணாம்பும் பனையும் கிடுகுமாக நாங்கள் சமாளித்தோம். அதனாலேயே பிறகு சீமெந்து வந்ததும், அது கௌரவத்தின் அடையாளமாகிவிட்டது. 2012 இல் வடக்கு, கிழக்கில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கிடைத்தது. வீட்டுக்காரரே முன்னின்று கட்டியது அதன் நல்ல பக்கம். பணம் போதாமல் நகையை அடகு வைத்துக் கடன்பட்டவர்களும் பலர். பின்னர் 65,000 இரும்புச் சட்ட வீடுகளைப் பொருத்தித் தருவதாக ஒரு திட்டம் வந்தது. செலவு அதிகம், எங்கள் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் பொருந்தாது, உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் வேலையில்லை என்று 2016 அளவில் பலத்த எதிர்ப்பு எழுந்து, திட்டமிட்டபடி அது நடக்கவில்லை. 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது சீமெந்து விலை ஏறிய வேகத்தில், அரைகுறையாய் நின்றுபோன வீடுகள் எத்தனை!

ஆகவே, உடைந்த வீட்டையோ பழைய வீட்டையோ வைத்திருக்கும் சகோதரிகள் சில விடயங்களைக் கவனியுங்கள்.

இடிக்க முன் அத்திவாரத்தையும் சுவரையும் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டுங்கள். சுவர் நேராக நின்று, அடியில் வெடிப்பு இல்லாவிட்டால் பெரும்பாலும் திருத்தலாம். சாய்ந்த சுவரைப் பாசத்துக்காக வைத்திருக்கவேண்டாம். அது உயிருக்கு ஆபத்து.

நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டையும் பாழ்கிணற்றையும் துப்புரவு செய்யும்போது சந்தேகத்துக்கிடமான பொருள் எதையும் தொடவேண்டாம். உடனே பொலிசுக்கோ கிராம உத்தியோகத்தருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளை முதலில் உள்ளே விடவேண்டாம்.

பழைய ஓடு, பனை வளை, கதவு, யன்னல், கல் எல்லாவற்றையும் தரம் பிரித்து அடுக்குங்கள். கொழும்பிலிருந்து வந்து பழைய கதவையும் தூணையும் சில ஆயிரம் ரூபாவுக்கு ஏற்றிப்போகிறார்கள். விலை விசாரிக்காமல் கொடுக்கவேண்டாம். அஸ்பெஸ்டோஸ் சீற்றை உடைத்து நொறுக்கவேண்டாம். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. நனைத்து, முழுதாகக் கழற்றவேண்டும்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவருக்குச் சீமெந்துப் பூச்சுப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு கழன்று விழும். சுண்ணாம்பால் கட்டியதற்குச் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது.

ஒரு பீலியும் ஒரு பீப்பாவும் வைத்தால்கூட மழைநீர் சேமிப்புத் தொடங்கிவிடும். வீட்டுத்தோட்டத்துக்கு அது போதும்.

எந்த வேலைக்குப் போனாலும் நாள், வேலை, கூலி மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நாங்கள் நிலுவையைப் பெற்றது அந்த ஐம்பது ரூபாக் கொப்பியின் பலத்தால்தான்.

அந்த நால்வரைப் பற்றியும் சொல்லவேண்டும். இருவர் அப்புவோடு சேர்ந்து இப்போது கோயில் மடம் ஒன்றின் திருத்த வேலையைத் தாங்களே பேசி எடுத்திருக்கிறார்கள். ஒருவர் மாதச் சம்பளம் நிச்சயம் என்பதால் ஆடைத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். அவருடைய முடிவில் நியாயம் உண்டு. ஏனென்றால் சுண்ணாம்பு வேலை எல்லா மாதமும் கிடைப்பதில்லை. நான்காமவர் முதுகுவலியால் வேலையை விட்டுச் சிறிய கடை ஒன்று போட்டிருக்கிறார். ஒரு கட்டடம் நான்கு பேரின் வாழ்க்கையையும் மாற்றிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும். ஆனால் ஒரு தொழில் நான்கு பெண்களின் கைக்கு வந்திருக்கிறது. அப்புவுக்குப் பிறகும் அது இந்த மண்ணில் இருக்கும்.

சகோதரிகளே, உங்கள் வளவில் நிற்கும் உடைந்த சுவரை ஒருமுறை கையால் தட்டிப் பாருங்கள். அதற்குள் உங்கள் பாட்டனாரின் உழைப்பும் அம்மாவின் சீதனமும் இருக்கின்றன. திருத்துவதா, இடிப்பதா என்ற முடிவு உங்களுடையது. அந்த முடிவை மேசனோ ஒப்பந்தகாரரோ வெளிநாட்டில் இருக்கும் உறவினரோ எடுக்கவேண்டாம். கேட்டு, அளந்து, எழுதி வைத்து, நீங்களே எடுங்கள்.